மடியில் ஓடிய இன்ஜின்

கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. சண்டை ஒன்றுமில்லை. அவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. நான் பனியன் கம்பெனியில், துணி வெட்டுவதற்கான பேட்டர்ன்களை அளவு வாரியாகக் கம்ப்யூட்டரில் போடுகிறவள். வீடு வந்து சேரும்போது இருவரிடமும் பேச்சு மிச்சமிருக்காது.

அந்தச் சமயத்தில்தான் அவர் ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினார். மிதித்தால் திக்கித் திக்கிப் போகும், பின்னால் கரும்புகை. முன்பு வைத்திருந்தவர் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைப் பெரிதாக மாட்டிவிட்டு, இன்ஜினின் கம்ப்யூட்டரை அதற்கேற்ப மாற்றாமல் விட்டிருக்கிறார், அதனால் பெட்ரோல் கூடுதலாக இறங்குகிறது என்றார் மெக்கானிக்.

என் கணவர் ஒரு கேபிள் வாங்கி, காரையும் லேப்டாப்பையும் இணைத்து, அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த எண்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். இணையத்திலிருந்து ஒரு டெஃபனிஷன் ஃபைலையும் இறக்கியிருந்தார்.

"எந்த நம்பரு எதுக்குன்னு இதுதான் சொல்லும் அம்மிணி. இது இல்லாட்டி உள்ள இருக்கறது வெறும் நம்பருதான்."

ஆனால் அது வேறு நாட்டில் ஓடும் இதே மாதிரி இன்ஜினுக்கு யாரோ எழுதியது. பெட்ரோல் அட்டவணை என்று அது காட்டிய இடத்தில் எண்கள் தாறுமாறாகக் கிடந்தன. அவர் முகம் வாடிப்போய் எழுந்து குளிக்கப் போனார்.

நான் சும்மா லேப்டாப்பில் எண்களை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலில் வேப்பமரம் அசைந்தது. அரைத்தூக்கத்தில் பார்ப்பது போல, ஓரிடத்தில் எண்கள் வரிசை வரிசையாக, சீராக ஏறுவது தெரிந்தது. ஸ்மாலிலிருந்து எக்ஸ்எல் வரை நான் போடும் பனியன் அளவுகள் ஏறுவதும் இப்படித்தான்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க."

தலை துவட்டியபடியே வந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த இடத்தை ஃபைலில் எழுதிச் சேமித்தோம். பெட்ரோல் அட்டவணை சரியாகத் திறந்தது.

முதல் ஞாயிறு அட்டவணையில் பெட்ரோலை ஒரேயடியாகக் குறைத்துக் காரில் ஏற்றிவிட்டோம். பல்லடம் தாண்டியதும் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. அவர் தள்ளினார், நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். ஒரு புளியமரத்தடியில் பழைய எண்களையே திரும்ப ஏற்றியதும் கிளம்பியது. வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவரும் சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

அதன்பின் ஞாயிறு காலைகளில் உடுமலைச் சாலைக்குப் போவோம். அவர் ஓட்டுவார். மடியில் லேப்டாப்போடு நான் எந்த வேகத்தில் திக்குகிறது என்று பார்த்துச் சொல்வேன். ஓரங்கட்டி, அட்டவணையில் அந்த வேகத்துக்கான கட்டத்தில் எண்ணைக் கொஞ்சம் குறைத்து, மறுபடி ஓட்டுவோம். இருபுறமும் காற்றாலைகள் அவசரமில்லாமல் சுற்றும். அவற்றின் நிழல் ரோட்டைக் கடந்து, எங்கள் மேலும் ஒருமுறை வருடிவிட்டுப் போகும்.

"இப்ப எப்படீங்க இருக்குது?"

"வெண்ணெயாட்டப் போகுது அம்மிணி."

உண்மைதான். புகை இல்லை, திக்கல் இல்லை. இன்ஜின் சத்தம் யாரோ பக்கத்து அறையில் மெல்ல முனகுவது போலிருந்தது. அதைக் கேட்டபடியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது ஒரு தென்னந்தோப்பு ஓரம் கார் நின்றிருந்தது. எதிரே நீலமாக மலை. லேப்டாப்பை என் மடியிலிருந்து எப்போதோ எடுத்து மூடி வைத்திருந்தார்.

"எங்கீங்க வந்துட்டோம்?"

"தெரியல. நல்லா ஓடுச்சு, அப்படியே விட்டுட்டேன்" என்றார்.