இரண்டாம் புலம்பல்

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, திரையில் வரப்போகிற ஆள் மட்டும் அதைப் பார்க்கவில்லை. நாகர்கோவில் டெண்டுக் கொட்டகையின் ஆண்கள் பக்கத்தில், கடைசி பெஞ்சில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தார் தாழக்குடி முத்துக்குமாரசாமி. அவருடைய கண், இடுப்புயரத் தட்டிக்கு அந்தப் பக்கம் மணலில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டி உலகம்மையின் மேல் இருந்தது. திரை வெளிச்சம் கூடினால் அவள் முகம் தெரியும், மங்கினால் போய்விடும்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். தான் போய்ச் சேருவதற்குள் அவள் ஒருமுறை அழ வேண்டும். கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். எந்தப் புருஷனாவது பெண்டாட்டி அழவேண்டும் என்று வேண்டிக்கொள்வானா? இவர் வேண்டிக்கொண்டார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணமும் அவரேதான்.

தாழக்குடியில் சோற்றுக்குக் குறைவில்லாத சைவக் குடும்பம். நெல்லும் வைக்கோலுமாக இருந்த வீட்டிலிருந்து பதினாறு வயதில் ஒரு நாடகக் கம்பெனியின் பின்னால் ஓடிப்போனார். குரல் மெல்லிசு, கழுத்து நீளம். பார்த்த உடனே ஸ்திரீ பார்ட் என்று எழுதிவிட்டார்கள். அவருடைய அப்பா, "எனக்கு மகன் பொறந்தான்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். ராணி, தோழி, தாசி என்று எல்லா வேஷமும் கட்டினார். ஆனால் ஆரல்வாய்மொழி முதல் திருவனந்தபுரம் வரை சனங்கள் அவரைத் தேடி வந்தது ஒன்றுக்காகத்தான். அவர் புலம்பினால் கல்லும் அழும் என்று பேர். 'புலம்பல் பிள்ளை' என்றே நோட்டீஸில் போட்டார்கள்.

அந்தப் பேர் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அவருக்கும் உலகம்மைக்கும் ஒரே பெண்பிள்ளை. ஐந்து வயதில் பேதி கண்டு இரண்டே நாளில் போய்விட்டது. கம்பெனி அப்போது கொல்லத்தில் இருந்தது. தகவல் கிடைத்து இவர் வந்து சேரும்போது பிள்ளையைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் எல்லாம் மாரில் அடித்துக்கொண்டு அழ, உலகம்மை அடித்துக்கொள்ளவில்லை. பிள்ளையின் பக்கத்தில் குந்தியிருந்து, அதன் பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். "ஏட்டி, ஆளு வருது, கால மூடு. எத்தற மட்டம் சொல்லியது, கேக்கியா?" என்று சன்னமாக வைதாள். பிள்ளை கேட்காததால் மறுபடி இழுத்துவிட்டாள். அவள் கன்னத்தில் தண்ணீர் நிற்காமல் வழிந்தது. அது தன் கண்ணீர் என்றே அவளுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

முத்துக்குமாரசாமி அலறிக்கொண்டு விழுந்தார். அது பொய்யில்லை. ஆனால் அவருடைய ஒரு கண் அழுதபோது, இன்னொரு கண் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. எந்த விரலால் துணியைப் பிடிக்கிறாள், எப்போது நிறுத்துகிறாள், எப்போது மறுபடி தொடங்குகிறாள் என்பதெல்லாம் அந்தக் கண்ணில் பதிந்தது. நடிகனுக்கு அப்படி ஒரு சனியன் பிடித்த கண் உண்டு. அவனே நினைத்தாலும் அதை மூட முடியாது.

அடுத்த வருஷம் நாகர்கோவிலில் நாடகம். பிள்ளையைப் பறிகொடுத்த ராணியாக இவர். மடியில் கிடந்தது கம்பெனிப் பையன் ஒருவன். புலம்பல் பாட்டை நடுவில் நிறுத்தி, பையன் உடுத்தியிருந்த துணியைக் காலுக்குக் கீழே இழுத்துவிட்டு, சன்னமாக வைதார். கொட்டகையில் ஒரே அழுகை. "ஒன்ஸ்மோர்" என்று ஆண்கள் பக்கத்தில் கூச்சல். இவர் மறுபடி செய்தார். மறுபடியும் கேட்டார்கள், மறுபடியும் செய்தார்.

பெண்கள் பக்கத்தில் உலகம்மை இருந்தாள். தங்கச்சி கூப்பிட்டாளே என்று வந்திருந்தாள். அது இவருக்குத் தெரியாது. காலையில் மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்தவரிடம், சோற்றைப் போட்டுவிட்டு அவள் கேட்டது இவ்வளவுதான்.

"நம்ம பிள்ளைக்க பாவாடைய எதுக்கு ஊருக்கு முன்னால இழுத்து விட்டீங்க?"

அவர் இலையை மூடிவிட்டு எழுந்தார். அவள் சண்டை போடவில்லை, வேறொன்றும் கேட்கவில்லை. கஞ்சி காய்ச்சினாள், வயலுக்குப் போனாள், வந்தவர்களிடம் பேசினாள். அழுவதை மட்டும் விட்டுவிட்டாள். அவளுடைய அம்மை செத்தபோதுகூட அழவில்லை. நெஞ்சுக்குள் கல்லை வைத்திருக்கிறாள் என்று ஊர் பேசியது. அவர் அந்தக் கட்டத்தைப் பிறகு எந்த மேடையிலும் செய்ததில்லை. முதலாளி கெஞ்சியும் செய்யவில்லை. ஆனால் செய்யாமல் இருப்பதைப் பெண்டாட்டிக்கு எப்படிக் காட்டுவது? செய்ததைத்தான் காட்ட முடிகிறது.

பிறகு பேசும் படம் வந்தது. பெண் வேஷத்துக்குப் பெண்களே வந்துவிட்டார்கள். கம்பெனி கலைந்தது. நாற்பது தாண்டிய ராணிக்கு எந்த ஊரிலும் வேலையில்லை. வீட்டோடு இருந்து வயலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வயிற்றில் வலி தொடங்கியது. ஆஸ்பத்திரி டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே கட்டி, மாசியில் வரும் கும்பப்பூ அறுப்பு வரை தாங்குவது சந்தேகம் என்று சொல்லிவிட்டார். அதே வாரம் கோயம்புத்தூரிலிருந்து படம் பிடிக்கிறவர்கள் ஆள் அனுப்பினார்கள்.

அவர்களுடைய கதை இது. ஒரு பெரிய ராஜபார்ட் நடிகன். இனி மேடை ஏறினால் உயிர் தங்காது என்று வைத்தியன் சொல்கிறான். அவன் யாரிடமும் சொல்லாமல் மேடை ஏறுகிறான். நாடகத்தில் ராஜா சாகிற கட்டம் வருகிறது. ராஜா சாய்கிறான், நடிகனும் நிஜமாகவே போய்விடுகிறான். சனங்கள் கை தட்டுகிறார்கள். அவன் மேல் விழுந்து புலம்பவேண்டிய ராணி, பெண் வேஷம் கட்டிய இன்னொரு நடிகன். பாட்டின் நடுவில் அவன் கைக்கு அந்த உடம்பின் சில்லிப்பு தட்டுகிறது. விஷயம் தெரிந்துவிடுகிறது. ஆனால் நாடகம் நடக்கிறதே, புலம்பலை நிறுத்த முடியாது. அந்த ராணி வேஷக்காரன்தான் முத்துக்குமாரசாமி.

முதல் புலம்பல் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. செத்தது தெரிந்த பிறகு வரும் இரண்டாவதற்கு டைரக்டர் வந்து, "இதுவரை அழுதது ராணி. இனிமே அழவேண்டியது நீங்க. யாரும் பார்த்திராத மாதிரி ஒண்ணு கொடுங்க" என்றார். காமிரா ஓடத் தொடங்கியது. அவருடைய கை தானாகவே செத்துக் கிடந்தவனின் வேட்டிக் கரைக்குப் போயிற்று. இரண்டு விரலால் பிடித்தும் விட்டது. அப்போது அவருக்குக் கூடத்தில் கிடந்த பிள்ளை ஞாபகம் வந்தது. கையை எடுத்துக்கொண்டார். வேறு எதுவும் தோன்றவில்லை. பாட்டு வரவில்லை, கண்ணீரும் வரவில்லை. தன் வயிற்றுக்குள் இருப்பதை நினைத்தார். அடுத்துக் கிடக்கப்போவது நான்தான் என்று நினைத்தார். வாயைத் திறந்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். டைரக்டர் நிறுத்தச் சொல்லவே இல்லை. வெகுநேரம் கழித்து, "போதும்" என்றார்.

அந்த இடத்தை உலகம்மை பார்க்க வேண்டும் என்றுதான் இந்த உடம்போடு அவளைக் கொட்டகைக்குக் கூட்டி வந்திருந்தார். வண்டி கொடுத்து, கூடவும் வந்தவர் கோட்டாறு முகம்மது மீரான். அரிசி மண்டிக்காரர், நாடகப் பைத்தியம், இவருக்குப் பால்ய சிநேகிதர்.

கட்டம் வந்தது. திரையில் ராணி புலம்பினாள். கொட்டகையில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு கை போயிற்று, கரையைப் பிடித்தது, எடுத்துக்கொண்டது. அப்புறம் அந்த வாய் திறந்த சும்மா இருப்பு.

"ராணிக்குப் பாட்டு மறந்து போச்சு வே" என்று முன் பெஞ்சில் ஒருவன் சொன்னான். நாலைந்து பேர் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பும் அடங்கிவிட்டது. ரீல் மாற்ற விளக்கைப் போட்டார்கள். பெண்கள் பக்கம் முழுக்க முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. உலகம்மை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் காய்ந்திருந்தது. முத்துக்குமாரசாமிக்கு வயிற்று வலியைவிட அது கூடுதலாக வலித்தது.

திரும்பும்போது வண்டியில் மீரானுக்குத்தான் பேச்சு நிற்கவில்லை.

"பிள்ளைவாள், அதுல மூணு சாவு கெடக்கு, கேட்டீரா? ராஜா ஒருக்கச் சாகுதான். ராஜபார்ட் ஒருக்கச் சாகுதான். கை தட்டினவனுக்கு ஒண்ணு தெரியும், மத்தது தெரியாது. மூணாவது யாருக்கும் தெரியாது. அது எனக்குத் தெரியும், உமக்குத் தெரியும்" என்றார். சொன்ன பிறகுதான் உலகம்மை இருப்பது நினைவு வந்து வாயை மூடிக்கொண்டார்.

"எனக்கும் தெரியும்" என்றாள் உலகம்மை.

வண்டி ஒழுகினசேரிப் பாலம் தாண்டியது. பிறகு அவள் புருஷனைப் பார்க்காமலே சொன்னாள்.

"கை போச்சு. பொறவு வேண்டாம்னு வச்சிட்டு. நான் பாத்தேன்."

அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தார். மன்னித்திருக்கவும் கூடும். ஆனால் அழுகை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. மார்கழி போய்த் தை வந்தது. அவர் பாயோடு பாயானார். சொந்தக்காரர்கள் வந்து பார்த்து மூக்கைச் சிந்திவிட்டு, அடுக்களையில் அசையாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் அவர் கேட்டேவிட்டார்.

"நான் போனா நீ அழுவியா?"

அவள் முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அழணும்னுதான் இருக்கு. பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"நீங்க பாப்பீங்க. அம்மைக்குக்கூட எனக்கு அழ வரல்ல. எங்கயோ ஒரு ஆளு இருந்து என்னைய பாத்துக்கிட்டே இருக்காப்பில இருக்கும். தொண்ட வர வரும், பொறவு நின்னுரும்."

இத்தனை வருஷம் அவளைக் கல் என்று ஊர் சொன்னபோதெல்லாம் சும்மா கேட்டுக்கொண்டிருந்ததை நினைத்து அவர் கூசிப்போனார். எடுத்தது ஒரு அசைவுதான் என்று நினைத்திருந்தார். அவளுடைய அழுகை முழுவதையும் அல்லவா எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

கும்பப்பூ அறுப்பு தொடங்கிய வாரம். ஆட்கள் எல்லாம் வயலில். நடுப்பகல். உலகம்மை அவர் தலையை மடியில் வைத்துக் கஞ்சித் தண்ணீரைக் கரண்டியால் ஊட்டினாள். உள்ளே போகவில்லை. கடைவாய் வழியே கழுத்துக்கு வழிந்தது. துடைத்துவிட்டு இன்னொரு கரண்டி கொடுத்தாள். அதுவும் வழிந்தது. இனிமேல் இல்லை என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய கீழுதடு லேசாக நடுங்கத் தொடங்கியிருந்தது.

அந்த நேரத்திலும் அந்தக் கண் திறந்தது. மேடையும் இல்லை, ராணியும் இல்லை, நாளைக்கு இருப்போம் என்பதும் இல்லை. ஆனாலும் உதடு முதலில், பிறகு மோவாய், பிறகு தொண்டைக் குழி என்று அது வரிசையாகப் பார்க்கத் தொடங்கிவிட்டது. அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. அவர் பார்ப்பது தெரிந்து அவள் உதடு நின்றுவிடும்போல இருந்தது.

சொந்தமாகப் புரண்டு படுக்க முடியாமல் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் கையை ஊன்றினார். கட்டி உள்ளே கிழிவதுபோல வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் மடியிலிருந்து தலையை எடுத்து, உடம்பை இழுத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அழு உலகம்மை. நான் பாக்கல்ல."

கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவருடைய முதுகுக்குப் பின்னால் அது தொடங்கியது. பிள்ளைக்கும் அம்மைக்கும் இவருக்குமாகச் சேர்த்து அழுதாள். அவள் கை என்ன செய்தது, முகம் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது. வெள்ளையடித்த சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

சாயங்காலம் ஆட்கள் வயலிலிருந்து வந்து பார்த்தபோது அவர் அப்படியே சுவரைப் பார்த்தபடி போயிருந்தார். உலகம்மை முகத்தைக் கழுவிவிட்டு அடுக்களையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். சாகும்போதுகூட அந்தக் கல்நெஞ்சுக்காரியின் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் திரும்பிப் படுத்துவிட்டார் பாவம் என்று தாழக்குடியில் பேசிக்கொண்டார்கள். உலகம்மை அதைக் கேட்டாள். இல்லை என்று யாரிடமும் சொல்லவில்லை.