ஓடப்பாட்டில் விழுந்த கீறல்

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது ஒரு மெல்லிசைக் குழுவில் முக்கியமான பொறுப்பில் இருந்தேன். பாட மாட்டேன். எந்த வாத்தியத்தையும் தொட விட மாட்டார்கள். ஆனால் நான் ஏறி உட்காராமல் வேன் கிளம்பாது. மேடையில் பாடகியின் நாற்காலிக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். கால் தரையில் படாமல், பட்டுப்பாவாடையைக் கணுக்கால் வரை இழுத்து மூடிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து நான் உட்கார்ந்திருப்பேன். என் உத்தியோகத்துக்குத் துணை என்று பெயர்.

கல்யாணமாகாத பெண் கச்சேரியில் பாடப் போனால் அவளோடு இன்னொரு பெண் போயாக வேண்டும் என்பது அன்றைக்கு எல்லாக் குழுக்களிலும் இருந்த ஏற்பாடு. மற்ற குழுக்களில் அம்மாவோ பெரியம்மாவோ வந்து முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்காருவார்கள். எங்கள் பாடகி பேரையூர்க்காரர். திருநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மற்ற டீச்சர்களோடு விடுதியில் தங்கியிருந்தார். அவர் வீட்டிலிருந்து வாராவாரம் பஸ் பிடித்து யார் வர முடியும்? அதனால் என் அம்மா பொறுப்பை ஏற்றுக்கொண்டு, ஏற்ற கையோடு அதை என் தலையில் கட்டிவிட்டாள். போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்புவாள். "என்ன நடந்துச்சுன்னு வந்து ஒண்ணு விடாமச் சொல்லணும்." நானும் ஒண்ணு விடாமல் சொல்லுவேன். அந்த வேலையில் என்மேல் யாரும் குறை சொன்னதில்லை.

குழு என் மாமாவுடையது. அம்மாவின் தம்பி. பி.ஏ. முடித்துவிட்டு எங்கள் வீட்டில் இருந்தார். சர்ச்சில் கிடார் வாசிக்கப் போய், பாடகர் குழுவில் டீச்சரின் குரலைக் கேட்டு, அந்தக் குரல் ஞானப்பாட்டோடு நின்றுவிடக் கூடாது என்று குழு ஆரம்பித்தார். தபலாவுக்கு ஒரு அண்ணன், அக்கார்டியனுக்குத் தபாலாபீஸ்காரர் ஒருவர், ஆண் குரலுக்கு மாமாவின் கல்லூரி சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் வீட்டு முன்னறையில் ஒத்திகை நடக்கும். பெரிய டிரம்மில் குழுவின் பெயர் எழுதியிருக்கும். வேனில் ஏற்றி இறக்கியதில் பாதி எழுத்து உரிந்துபோய், எந்த ஊர்க் குழு என்பது மட்டும்தான் தெரியும்.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவருக்குப் பாட்டின்மேல் கோபம் இல்லை. பாட்டை வைத்து ஒருவன் சாப்பிட முடியும் என்பதில்தான் நம்பிக்கை இல்லை. பள்ளிக்கூட ஆபீசில் மாமாவுக்கு ஒரு கிளார்க் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். ஜூனில் சேர வேண்டும். பதில் சொல்ல மாமா சித்திரை வரைக்கும் தவணை கேட்டார். "சித்திரைப் பொருட்காட்சி மேடை மட்டும் கெடச்சிருச்சுன்னா அத்தான், பெறகு எங்களக் கேக்காத ஊரே இருக்காது" என்றார். அப்பா, "கெடைக்கட்டும் மாப்ள, நானே மொத வரிசையில வந்து உக்காருறேன்" என்றார். ஜூன் என்ற சொல்லைக் கேட்டாலே மாமாவுக்கு முகம் சுருங்கிவிடும். எனக்கும் அந்தச் சொல் பிடிக்காது. மாமா கிளார்க் ஆகிவிட்டால் நானும் வேலையிழந்துவிடுவேன்.

குழுவிடம் ஒரு பாட்டு இருந்தது. ஆற்றில் ஓடம் போகிற பாட்டு. அது வந்த படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. படத்தோடு பாட்டும் போய்விட்டது. ரேடியோவிலும் போட மாட்டார்கள். திருநகர் மைக்செட் அண்ணன் மட்டும் எங்கேயோ அந்த ரிக்கார்டை வாங்கி வைத்திருந்தார். காதுகுத்தோ கல்யாணமோ, குழாயைக் கட்டியதும் அதைத்தான் முதலில் போடுவார். வேறு எந்தக் குழுவுக்கும் தெரியாத பாட்டு என்பதால் மாமா அதைப் பிடித்துக்கொண்டார். மைக்செட் கடையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, ஒரு பிசிறு விடாமல் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

பாட்டின் நடுவில் ஓர் அதிசயம் வரும். "நில்லாமல்" என்ற சொல்லுக்கு வந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி "நில்லாமல்". மறுபடி 'டக்'. மூன்றாவது தடவை "நில்லாமல்" முடிந்த பிறகுதான் ஓடம் மேலே நகரும். முதல் ஒத்திகையிலேயே டீச்சர், "இது ரிக்கார்டுல கீறல் மாதிரி இருக்கே" என்று மெதுவாகச் சொன்னார். மாமா மைக்செட் அண்ணனிடம் போய்க் கேட்டார். தன் ரிக்கார்டில் கீறல் என்று எந்தக் கடைக்காரர் ஒத்துக்கொள்வார்? "புத்தம் புதுசு மாப்ள. பாட்டே அப்படித்தான்" என்று அடித்துச் சொல்லிவிட்டார். மாமா திரும்பி வந்து அதற்கு ஒரு விளக்கமும் கண்டுபிடித்துவிட்டார். ஓடம் சுழலில் மாட்டிக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றுகிறதாம், அதைத்தான் இசையமைப்பாளர் காட்டுகிறாராம். எல்லாரும் அசந்துபோனார்கள். டீச்சர் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

அந்த 'டக்' வருவதற்காக மாமா தன் விரல் முட்டியால் கிடார்ப் பலகையைத் தட்டுவார். தபலா அண்ணன் அந்தத் தட்டலுக்கேற்பத் தாளத்தைப் பின்னால் இழுப்பார். அதைச் சரியாகக் கொண்டுவர அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. திருநகர் மேடைகளில் அந்த இடம் வந்ததும் கூட்டமே சேர்ந்து 'டக்' என்று கத்தும். பாட்டு முடிந்ததும் ஒன்ஸ் மோர் கேட்பார்கள். ரிக்கார்டு எப்படியோ அப்படியே பாடுகிற குழு என்று எங்களுக்குப் பெயர்.

பங்குனி மாதம் காளவாசலில் ஒரு கல்யாண வரவேற்புக்குக் கூப்பிட்டார்கள். பெண்ணுக்குத் தாய்மாமன், பொருட்காட்சி மேடைக்குக் குழுக்களைப் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டு. அவர் முன்னால் வாசித்துப் பிடித்துவிட்டால் சித்திரை நம் கையில் என்று மாமா சொன்னார். அதற்கு முந்தின வாரம் டீச்சர் ஒரு காதுகுத்துக்குப் பேரையூர் போய்விட்டு வந்தார். ஆராதனை முடிந்து வந்தவர் நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"எங்க ஊர் மைக்செட்டுலயும் நம்ம பாட்ட வச்சாங்க. எங்கயும் நிக்கல. நேராப் போகுது."

"அவங்க ரிக்கார்டு தாண்டிருக்கும் டீச்சர்" என்றார் மாமா.

"மூணு தடவ போடச் சொல்லிக் கேட்டேன். நம்மதுதான் கீறல்."

தபலா அண்ணன், "அப்ப நான் இம்புட்டு நாளாக் கீறலுக்கா தாளம் போட்டேன்?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரிப்பு அடங்க வெகு நேரமானது. மாமா சிரிக்கவில்லை. கிடாரைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போய், வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு வந்தார். வந்தவர், "பாட்ட விட வேணாம். நேராவே பாடுவோம். ஒரு வாரம் இருக்குல்ல" என்றார்.

அந்த ஒரு வாரமும் எங்கள் வீட்டில் ஓடம் நிற்காமல் போனது. டீச்சர் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வந்துவிடுவார். அக்கார்டியன்காரர் தபால் பையோடு வந்தார். மாமா குளிக்கும்போதும் அந்த இடத்தைப் பாடிப் பாடிப் பார்த்தார். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாருக்கும் படிந்துவிட்டது. எனக்கே படிந்துவிட்டது.

காளவாசலில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் டியூப்லைட்டைப் போட்டு எங்களை மேடையில் ஏற்றினார்கள். ஏஜெண்டு முன்வரிசையில் சட்டைப் பொத்தான் இரண்டைக் கழற்றிவிட்டுக்கொண்டு விசிறியோடு உட்கார்ந்திருந்தார். முதல் சாமி பாட்டுக்கே விசிறியை மடித்து மடியில் வைத்தார். அடுத்தடுத்த பாட்டுக்கு விரலால் தாளம் போட்டார். மாமாவின் முகத்தில் வெளிச்சம் ஏறிக்கொண்டே போனது. ஓடப்பாட்டை அறிவித்ததும், "இது எந்தப் படம்யா?" என்று ஏஜெண்டு பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது மேடைக்கே கேட்டது. மாமாவுக்கு வேண்டியதும் அதுதான்.

டீச்சர் நன்றாகப் பாடினார். அன்றைக்குப் போல அவர் எப்போதும் பாடியதில்லை. "நில்லாமல்" என்ற சொல்லுக்கு வந்தார், நேராகத் தாண்டினார். தபலா தாண்டியது. அக்கார்டியன் தாண்டியது. அப்பாடா என்று நான் மூச்சு விட்டபோது, 'டக்' என்று சத்தம் கேட்டது.

மாமாவின் கைதான். ஒரு வருஷமாகத் தட்டிப் பழகிய கை, அவரைக் கேட்காமலே தட்டிவிட்டது. தட்டிய கை சும்மாவும் இருக்காமல் பழைய இடத்துக்கே திரும்பி வாசித்தது. கிடாருக்கு முன்னால் மைக் இருந்ததால் பந்தல் முழுக்கக் கேட்டது. ஒரு பக்கம் பாட்டு போகிறது, இன்னொரு பக்கம் மாமா மட்டும் தன்னந்தனியாகப் பின்னால் நிற்கிறார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

அப்போதுதான் டீச்சர் அந்தக் காரியத்தைச் செய்தார். பாதி பாடியிருந்த வரியை அப்படியே விட்டார். மாமா பக்கம் திரும்பினார். அவரைப் பார்த்துக்கொண்டே, "நில்லாமல்" என்று பழையபடி பாடினார். பதறிப்போன மாமாவின் கை மறுபடியும் தட்டியது. டீச்சர் கொஞ்சமும் பதறாமல் மூன்றாவது தடவையும் பாடிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு மேலே போனார். தபலாவும் அக்கார்டியனும் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்துகொண்டன. பந்தல் சிரித்தது. சின்னப் பிள்ளைகள் மேடை முன்னால் வந்து நின்று 'டக், டக்' என்று கத்தினார்கள். ஏஜெண்டு விசிறியை எடுத்து விரித்துக்கொண்டார்.

கச்சேரி முடிந்து மாமா அவரிடம் போனபோது அவர் கைகழுவிக்கொண்டிருந்தார். "பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ரிக்கார்டுதான் தேஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டுத் துண்டில் கையைத் துடைத்தார். அவ்வளவுதான். மாமா சாப்பிட வரவில்லை. வேனின் படியில் உட்கார்ந்து, உறை போட்ட கிடாரை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

பந்தியில் டீச்சருக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"நீங்க சரியாத்தான டீச்சர் பாடுனீங்க? பெறகு எதுக்குத் திரும்பி வந்து தப்பாப் பாடுனீங்க? நீங்க நேராப் போயிருந்தா மாமா மட்டும் தப்புன்னு போயிருக்கும். பொருட்காட்சி கெடச்சிருக்கும்."

டீச்சர் இலையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, கெடச்சிருக்கும்" என்றார். பிறகு தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து என் இலையில் வைத்தார். "உங்க மாமா சாப்பிட வரலையே. போயிக் கூட்டிட்டு வாரியா?" என்றார். தப்பை மறைக்க ஜாங்கிரி கொடுக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஜாங்கிரியைத் தின்றேன். ஆனால் அதற்காக என் கடமையை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஒண்ணு விடாமல் சொன்னேன். அப்பாவும் விடைத்தாள்களை வைத்துவிட்டுக் கேட்டார்.

"மாமா தெரியாமத் தப்புப் பண்ணிட்டாரு. டீச்சர் வேணும்னே பண்ணுனாங்கம்மா."

"வேணும்னேவா?"

"சத்தியமா. மாமாவத் திரும்பிப் பாத்துக்கிட்டே பண்ணுனாங்க. கேட்டா ஆமாங்குறாங்க."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டியால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "பாத்துக்கிட்டேவா?" என்று அம்மா இன்னொரு தடவை கேட்டாள். என் புகாரை அவர்கள் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், அம்மா பட்டுச்சேலையை மாற்றாமல் அப்பாவோடு பேரையூருக்குப் பஸ் ஏறினாள். அது டீச்சரின் ஊர் என்பதால் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. டீச்சர் வேண்டுமென்றே தப்பாகப் பாடியதை அவருடைய அப்பா அம்மாவிடம் சொல்லப் போகிறார்கள். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. டீச்சரைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி ஊரோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ? ஓடப்பாட்டைக் கெடுத்தாலும் டீச்சரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு இரண்டு பேரும் ஒரு பை நிறைய நிலக்கடலையோடு திரும்பி வந்தார்கள்.

"டீச்சர் வீட்ல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டோம்."

"திட்டுனாங்களா?"

"எதுக்குத் திட்டப் போறாங்க? ரொம்பச் சந்தோசப்பட்டாங்க" என்றாள் அம்மா. மகள் தப்பாகப் பாடியதற்குச் சந்தோஷப்படுகிற குடும்பத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பா உள்ளே எட்டிப் பார்த்து, "மாப்ள, ஜூன்ல வேலையில சேருறதுல ஒண்ணும் மாத்தம் இல்லையே?" என்று கேட்டார். "சேர்ந்துருறேன் அத்தான்" என்று உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. ஜூன் என்று சொல்லியும் அந்தக் குரலில் வருத்தமே இல்லை.

உள்ளே போய்ப் பார்த்தேன். மாமா கட்டிலில் உட்கார்ந்து கிடாரில் ஓடப்பாட்டை மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்தது. நேராகப் போகாமல், விரல் முட்டியால் பலகையை டக்கென்று தட்டினார். திரும்பினார். மறுபடி தட்டினார்.

"மாமா, தப்பு!" என்று கத்தினேன்.

மாமா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இன்னும் ஒரு தடவை தட்டினார். சமையல்கட்டில் அம்மாவும் சிரித்தாள். எங்கள் வீட்டில் பாட்டைப் பற்றிக் கவலைப்படுகிற ஆள் நான் ஒருத்திதான் மிச்சம் என்று எனக்குத் தோன்றியது. நிலக்கடலைப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.