எமகண்டத்துக்கு முன் கோவில்பட்டி

எங்கள் குடும்பத்தில் இதுவரை எடுக்கப்பட்ட முடிவுகளில் தலையாயது, காரின் கூரையில் இருந்த லக்கேஜ் கேரியரைக் கழற்றிவிடுவது என்பது. சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செல்லூரில் என் மாமனார் வீட்டு முன்னறையில், கதவைச் சாத்திவிட்டு இதை விவாதித்தோம். மனைவியின் அக்கா எதிர்த்தார். தன் தலைப்பிள்ளைக்குத் தொட்டில் அந்தக் கேரியரில்தான் வந்தது என்று நினைவூட்டினார். மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, "கழத்திருங்க" என்றார். அக்கா அடுப்படிக்குள் போய்விட்டார். இரண்டு ஸ்பேனர், அரை மணி நேரம். காரியம் முடிந்தது.

காரணம் கோவில்பட்டி. என் மனைவியின் தம்பி செந்திலுக்கு வயது முப்பத்தேழு. அதுவரை பதினொரு பெண் பார்த்தாகிவிட்டது. ஏழு ஜாதகத்தில் நின்றது, மூன்று சம்பளத்தில், ஒன்று செந்திலின் முன்நெற்றியில். பன்னிரண்டாவது கவிதா, கோவில்பட்டியில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆசிரியை. ஜாதகத்தில் பத்துக்கு ஒன்பது பொருத்தம். இரண்டு வாரமாக இருவரும் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். செந்தில் எந்நேரமும் சவரம் செய்த முகத்தோடு திரிந்தான். எங்கள் வீட்டில் எவரையும் கேலி செய்யாமல் விடமாட்டோம். அவனை விட்டுவைத்திருந்தோம். எல்லோருக்கும் அவ்வளவு பயம்.

பெண் பார்க்கும் நாள் திங்கட்கிழமை. மாற்ற முடியாது, பெண்ணின் தாய்மாமன் செவ்வாயன்று குவைத்துக்குத் திரும்புகிறார். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது வரை. எமகண்டம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை. எனவே ஒன்பதுக்கு முன் புறப்படக் கூடாது, பத்தரைக்குப் பின் அவர்கள் வாசலை மிதிக்கக் கூடாது. செல்லூரிலிருந்து கோவில்பட்டி நூறு கிலோமீட்டர்.

ஆறு மணிக்கே கிளம்பினால் என்ன என்று கேட்டேன். "நல்ல காரியத்துக்குப் போற வண்டி ராகு காலம் பூராம் ரோட்டுல உருண்டுக்கிட்டா கெடக்கும் மாப்ள?" என்றார் மாமனார். முந்தின நாளே போய் லாட்ஜில் தங்கலாமே? "பொண்ணு கெடைக்காம ஊரு ஊரா ரூம் போட்டுத் திரியுறாய்ங்கன்னு பேசவா?" சரி, பன்னிரண்டுக்கு மேல்? "சோத்து நேரத்துல போயி நிக்கச் சொல்றீங்க." ஆக, மனித முயற்சிக்கென்று மிச்சம் விடப்பட்டது வேகம் ஒன்றுதான்.

அங்கேதான் சிக்கல். போகவேண்டிய கார் என் சகலை முருகேசனுடையது. மனைவியின் அக்கா கணவர். அவனியாபுரத்தில் ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறார். தண்ணீர்த் தொட்டி முதல் கல்யாண மண்டப வாசலில் கும்பிட்டு நிற்கும் யானை வரை செய்து தருவார். கார் பழையது, டிக்கி வைத்த சின்ன கார். எண்பது வரை சாது. தொண்ணூறைத் தாண்டினால் ஸ்டியரிங் கையில் இருப்பதே தெரியாது. பக்கத்தில் ஆம்னி பஸ் ஒன்று கடந்தால் கார் ஒரு முழம் தள்ளிப் போய் யோசித்துவிட்டுத் திரும்பும்.

"சகல, காத்து அடியில பூந்து வண்டியத் தூக்குது" என்று விளக்கினார் முருகேசன். "வேகம் ரெண்டு மடங்கானா தூக்குறது நாலு மடங்கு. நம்ம வண்டி பறக்கத்தான் பாக்குது. றெக்க இல்லாததால ஆடுது."

இதைப் படிக்கும் கார் பிரியர்களுக்காக வேலையின் விவரம். முதலில் கேரியர் போயிற்று. அடுத்து முன் பம்பருக்கு அடியில், பழைய கன்வேயர் பெல்ட்டிலிருந்து நறுக்கிய மூன்று அங்குல ரப்பர்ப் பட்டை. காற்று அடியில் புகுவதைக் குறைக்க இது. பிறகு எஞ்சினுக்குக் கீழே முன் சீட்டு வரை வழவழப்பான அலுமினியத் தகடு, ஆயில் மாற்ற ஒரு துவாரத்தோடு. இவ்வளவையும் செய்துவிட்டு நூறில் ஓட்டிப் பார்த்தோம். முன்பக்கம் ரோட்டில் பதிந்து நின்றது. பின்பக்கம் வாலாட்டியது. முன்னால் அமுக்கினால் பின்னால் லேசாகிவிடும் என்பது முருகேசனுக்கு அப்போதுதான் உறைத்தது. "பின்னாடியும் ஒக்கார வைக்கணும் சகல" என்று சொல்லி, டிக்கி மூடியின் விளிம்பில் ஒன்றரை அங்குல உயரத்துக்கு ஃபைபரில் ஓர் உதடு வார்த்து ஒட்டி, கார் நிறத்திலேயே பெயின்ட் அடித்தார். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவர் கண்ணுக்கு எங்கள் வீட்டில் தெரியாமல் போனது அது ஒன்றுதான்.

காற்று எப்படிப் போகிறது என்று பார்க்க, செல்லூர்த் தறிக்கூடத்தில் கழித்துப்போட்ட நூலை நாலு அங்குலமாக வெட்டி, பின் கண்ணாடி, கூரை, டிக்கி எல்லா இடத்திலும் டேப்பால் ஒட்டினோம். காற்று ஒழுங்காகப் போகும் இடத்தில் நூல் படிந்து நிற்கும், சுழலும் இடத்தில் துள்ளும். ஞாயிறு காலை நாகமலை தாண்டித் தேனி ரோட்டில் முருகேசன் கார் ஓட்ட, செந்தில் பைக் ஓட்ட, பைக்கின் பின்னால் உட்கார்ந்து நூலைக் கவனித்தேன். திரும்பும் வழியில் கீழக்குயில்குடியில் டீ குடிக்க நிறுத்தினோம். சிவப்பும் பச்சையுமாக நூல் தொங்கிய காரைச் சுற்றிவந்த ஒருவர், "என்னண்ணே, எந்தக் கோயிலுக்கு நேர்த்திக்கடன்?" என்றார்.

"காத்துக்கு" என்றார் முருகேசன்.

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

(அங்குள்ள சமணர் மலையை அவசியம் பாருங்கள். ஓர் உயிர்கூடத் தங்களால் சாகக் கூடாது என்று கல்லில் படுத்துக் கிடந்தவர்களின் படுக்கைகள் இருக்கின்றன. நாங்கள் மலையடிவாரக் குழாயில், முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சிகளைக் கழுவிவிட்டு வந்தோம்.)

திங்கட்கிழமை சரியாக ஒன்பதுக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஒற்றைப்படைக்காக ஐந்து பேர்: ஓட்டுநர் முருகேசன், அருகில் மாமனார், பின்னால் நான், என் மனைவி, நடுவில் செந்தில். கோரிப்பாளையத்தில் ஐந்து நிமிடம் நின்றோம். மாமனார் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். திருமங்கலம் 9.36. அதன் பிறகு புது நான்கு வழிச்சாலை. இரண்டு பக்கமும் கரிசல், கருவேல மரம், வானம். முருகேசன் அழுத்தினார். தொண்ணூறு, நூறு, நூற்றுப் பதினைந்து. கார் ஆடவில்லை. லாரிகளைக் கடக்கும்போதும் ஆடவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு விரல் போதுமாக இருந்தது.

"மச்சான், ஆடவே இல்ல!" என்றான் செந்தில். இரண்டு வாரமாகச் சிரித்துக்கொண்டிருந்தவன்தான் என்றாலும், சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"எம்புட்டுல போறோம் தெரியுதா? அறுவதுல போற மாதிரி இல்ல?" என்றார் முருகேசன். உண்மை. கள்ளிக்குடி தாண்டி, சாலை நடுவிலிருந்த இடைவெளியில் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் போகக் காத்து நின்றார். நாங்கள் கடந்தபோது அவருடைய வேட்டி முழங்காலோடு ஒட்டிக்கொண்டது. காருக்குள் ஒன்றும் தெரியவில்லை.

விருதுநகர் 9.52. சாத்தூர் 10.07. கோவில்பட்டி 10.20. பெண் வீடு ஊரின் ஓரத்தில், புதுச் சாலைக்குப் பக்கத்தில். தெருமுனை வேகத்தடையில் ரப்பர்ப் பட்டை உரசியது தவிர எந்தச் சேதமுமில்லை. 10.26க்கு மாமனார் வலது காலை எடுத்து வைத்தார்.

நல்ல வீடு. கேசரியில் நெய் இருந்தது. கவிதா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அறைக் கதவோரம் நின்றாள். செந்தில் நிமிர்ந்து பார்த்தான், அவளும் பார்த்தாள், இருவரும் ஏற்கெனவே ஏதோ பேசி வைத்திருந்ததுபோல ஒரே நேரத்தில் சிரிப்பை அடக்கினார்கள். என் மனைவி என் கையைக் கிள்ளினாள். சுவரில் மாலை போட்ட ஒரு படம், இருபத்தைந்து வயதுப் பையன். மூத்த மகன் ஒருவன் தவறிவிட்டான் என்று தரகர் சொல்லியிருந்தார். பெண்ணின் நட்சத்திரம், பாதம், செவ்வாய் எல்லாம் விசாரித்தோம். அந்தப் பையன் எப்படித் தவறினான் என்று யாரும் கேட்கவில்லை.

கவிதாவின் அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெதுவாகப் பேசுபவர். "எத்தன மணிக்குக் கெளம்புனீக?" என்று மரியாதைக்குக் கேட்டார்.

"ஒம்பது அடிச்சுத்தான் கெளம்புனோம்" என்றார் மாமனார். "பாத்தீங்களா, எமகண்டத்துக்கு நாலு நிமிசம் மிச்சம் வச்சு எறங்கிட்டோம்."

"செல்லூர்ல இருந்தா?"

இந்தக் கேள்விக்காக மூன்று வாரமாகக் காத்திருந்த முருகேசன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். காற்று, தகடு, ரப்பர், உதடு, எல்லாவற்றையும் சொன்னார். "நூத்தி இருவதத் தொட்டுச்சுங்க. மடியில தம்ளர வச்சா தண்ணி சிந்தாது."

பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "அந்த வேகத்துல ஒரு ஆளு குறுக்க வந்துட்டா, நிக்குமா?"

முருகேசன் பொய் சொல்லாதவர். தொழில் சம்பந்தமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, ஒரு கணம் யோசித்தார். "நிக்காதுங்க" என்றார். "ஆனா வண்டி ஆடாது."

பெரியவர் காபி தம்ளரைக் கீழே வைத்தார். "எம் பெரியவன இடிச்ச காரும் ஆடலையாம்" என்றார். "இந்தா, இந்த ரோட்டுலதான். பால் வாங்கப் போனான். அது பாட்டுக்கு நேராப் போச்சுன்னு பாத்தவுக சொன்னாக."

கதவோரம் நின்ற கவிதா உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு தாய்மாமன் குவைத் வெயிலைப் பற்றி நிறையப் பேசினார். வாழைக்காய் பஜ்ஜி வந்தது. சாப்பிட்டோம். எமகண்டம் முடிந்து பன்னிரண்டு ஐந்துக்கு விடைபெற்றோம்.

திரும்பும்போது யாரும் எதுவும் சொல்லாமலே முருகேசன் அறுபதில் ஓட்டினார். செந்தில் நடுவில் உட்கார்ந்திருந்தான். விருதுநகரில் டீக்கு நிறுத்தியபோது அவன் இறங்கவில்லை. கள்ளிக்குடி வந்ததும், "அந்தாளுக்கிட்ட பொய் சொல்லிருக்கலாம்ல மச்சான்" என்றான். "நிக்கும்னு சொல்லிருக்கலாம்ல." இருபத்திரண்டு வருடமாக முருகேசனைத் தெரியும், அவர் கழுத்து அப்படிச் சிவந்து பார்த்ததில்லை.

புதன்கிழமை தரகர் போன் செய்தார். ஜாதகம் சரியாக ஒத்துவரவில்லையாம்.

மாமனார் இதை ஆழ்ந்து யோசித்தார். "நாலு நிமிசம்கிறது ரொம்ப ஒட்டி வந்துருச்சு மாப்ள" என்றார். "கால் மணி நேரமாச்சும் முந்திப் போயி எறங்கிருக்கணும்." முருகேசன் அந்த ஞாயிற்றுக்கிழமையே காருக்கு அடியில் படுத்திருந்தார். பின் சக்கரம் வரை தகடு நீட்டினால் நூற்று முப்பதிலும் ஆடாது என்று அடியிலிருந்தே சொன்னார்.

கோவில்பட்டிக்குப் போகிறவர்களுக்கு: மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் இரண்டரை மணி நேரம், கட்டணம் நாற்பது ரூபாய்க்குள். காரில் எண்பதைத் தாண்டாமல் போனால் இரண்டு மணி நேரம். போக வர எங்களுக்குப் பெட்ரோல் எழுநூறு ரூபாய் ஆனது, நூற்றிருபதில் கார் நிறையக் குடிக்கிறது. கடலை மிட்டாய் பஸ் நிலையத்துக்கு வெளியே வாங்குங்கள். திருமங்கலத்துக்கும் சாத்தூருக்கும் இடையில் சாலை ஊர்களை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. தோட்டம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். நடுவில் எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறதோ அங்கெல்லாம் ஆள் நிற்கும்.

காரில் இந்த மாதிரி வேலை செய்ய நினைப்பவர்கள் முன்னும் பின்னும் சேர்த்தே செய்யுங்கள், இல்லாவிட்டால் வாலாட்டும். ரப்பர்ப் பட்டை மூன்று அங்குலத்துக்கு மேல் வேண்டாம், வேகத்தடை தாங்காது. பிரேக்கைப் பற்றி என்னிடம் குறிப்பு எதுவும் இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பேச்சு வரவில்லை.

ஆவணியில் கவிதாவுக்குச் சாத்தூரில் கல்யாணம் முடிந்தது.