ஏரிக்கரையில் பிடித்த இடம்

தோழிகளே, இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள்.

நாளை நோன்பித் திருவிழாவுக்கு ஏரிக்கரையில் தங்க இடம் பிடிக்க அப்பா என்னை அனுப்பினார். யார் முதலில் மூன்று அடுப்புக்கல் வைக்கிறார்களோ, இடம் அவர்களுக்கு. நிழலில் இடமே இல்லை. புளியமரத்தடியில் இருந்த கற்களை வெயிலுக்கு நகர்த்திவிட்டு எங்கள் கற்களை வைத்தேன்.

சாயங்காலம் நம் டீச்சரம்மா வீட்டுக்கு வந்தார்.

“ஏனுங்க, புளியமரத்தடியில நான் வெச்ச கல்ல எந்தக் களவாணியோ நகத்திப்போட்டானுங்க. கைக்குழந்தையோட வெயில்லயா கெடக்கறது? ஈரச் சுண்ணாம்பு பூசின கல்லுங்க.”

“கவலப்படாதீங்க டீச்சரம்மா, நம்ம புள்ள கண்டுபிடிச்சிருவா” என்றார் அப்பா.

விடியுமுன் ஓடிக் கற்களை மாற்றிவிடுவேன். பாவாடையில் ஒட்டிய சுண்ணாம்புதான் போகவில்லை. எதைப் போட்டுத் தேய்ப்பது, சொல்லுங்களேன்?

கதவை யாரோ தட்டு—