துக்க வீட்டில் நான் சிரித்தது

போன வருடம் ஆடி மாதம், பல்லடம் பக்கத்தில் தறி ஓட்டும் ஒரு குடும்பத்தின் வீட்டில் நடந்தது இது.

நான் கோவையில் ஒரு பம்பு செட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஊர் பேர் தெரியாத பாட்டுக் குழு, விளங்காத நகைச்சுவை என்றால் எனக்கு உயிர். ஒரு பாட்டு நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னாலே என் மனைவி எழுந்து போய் அடுத்த அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அப்படி நான் கொண்டாடிய நிகழ்ச்சி ஒன்று. உள்ளூர்க்காரர்கள் இருவர் வாரா வாரம் பேசி இணையத்தில் போடுவார்கள். படம் கிடையாது, குரல் மட்டும்தான். ஒருவர் ஜோசியராகப் பேசுவார், இன்னொருவர் தன் கிணற்று மோட்டாருக்கு ஜாதகம் பார்க்க வந்த விவசாயியாக. நடுநடுவே சில பையன்கள் கிடாரும் பறையும் வைத்துப் பாடுவார்கள். ஒருமுறை இதையே ஒரு மாடி அறையில் நேரில் நடத்தினார்கள். வந்த கூட்டத்தை ஒரே ஆட்டோவில் ஏற்றிவிடலாம். எல்லோரும் உம்மென்று உட்கார்ந்திருந்த ஓரிடத்தில் நானும் பின்வரிசைக்காரர் ஒருவரும் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்படித்தான் பழக்கமானோம்.

அவருக்குப் பல்லடம். தறிச் சத்தத்துக்கு நடுவே ஹெட்செட் மாட்டிக்கொண்டு இதைத்தான் கேட்பாராம். புதுப் பகுதி வந்ததும், முதலில் கேட்டவர் மற்றவருக்குப் போன் போட வேண்டும். ஹலோவெல்லாம் கிடையாது. சிரித்துவிட்டு வைத்துவிட வேண்டியதுதான்.

அன்றும் நான்தான் கூப்பிட்டேன். எடுத்ததும் வயிறு குலுங்கச் சிரித்தேன். எதிர்முனையில் வேறு யாரோ, “இந்தப் போனு வெச்சிருந்த பையன் தவறிட்டானுங்க. நேத்து வண்டில போறப்ப லாரி அடிச்சுப் போட்டுதுங்க” என்றார்.

என் வாயில் சிரிப்பு பாதியில் நின்றது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கும்.

சில நாள் கழித்துத் துக்கம் கேட்கப் போனேன். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்று போனை எடுத்த, நண்பரின் தாய்மாமன் என் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

“போன்ல சிரிச்சவரு நீங்கதானுங்களா?”

பந்தலே திரும்பியது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது. எங்கள் பக்கத்தில் கோபத்துக்கும் ‘ங்க’ போட்டுவிடுகிறார்கள்.

உள்ளேயிருந்து நண்பரின் அம்மா இதைக் கேட்டுவிட்டார். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“தறிகிட்ட நின்னுக்கிட்டுத் தனியாச் சிரிப்பான் கண்ணு. காத்துக் கருப்புன்னு நெனச்சு கயிறு கட்டிவிட்டேன். என்னன்னு கேட்டா, உனக்குப் புரியாதும்மான்னு சொல்லிப்போட்டுப் போயிருவான். அவன் என்னத்தக் கேட்டான்னு எனக்கும் போட்டுக் காட்டு.”

மாமன் வாசலில் வந்து நின்று, அக்கா இப்போது எதற்கு என்று தயங்கினார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் போனில் சத்தத்தைக் குறைத்து வைத்து, அந்த மாடி அறை நிகழ்ச்சியின் பதிவைப் போட்டேன். டாக்டர் சொல்லும் மருந்து நேரத்தைக் கேட்பதுபோல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். சிரிப்பு வரவில்லை.

“இதுல எந்த எடத்துல கண்ணு அவன் சிரிப்பான்?”

மாடி அறையில் நாங்கள் சிரித்த இடத்துக்குத் தள்ளினேன். மோட்டார் பிறந்த நேரம் என்ன என்று ஜோசியர் கேட்பார். அதெப்படிங்க தெரியும், கரண்ட்டு எப்ப வந்துதோ அப்பத்தானுங்க என்பார் விவசாயி.

“இங்கதானுங்கம்மா” என்று சொல்லி, நண்பர் சிரிக்கிற மாதிரியே சிரித்துக் காட்டினேன். என் நடிப்பு எப்போதுமே மட்டம். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. வாசலில் நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

அம்மா மறுபடியும் போடச் சொன்னார். இந்த முறை விவசாயி வாயைத் திறப்பதற்கு முன்பே விரலை உயர்த்தி, “இங்க” என்றார். முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் இவ்வளவு நாளும் தன்னை வெளியே நிறுத்தியிருந்த ஒரு கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் எழுந்து போக வேண்டும். அது தெரியாத வயதா எனக்கு? ஆனால் எங்கள் ஊர் நாக்குக்கு அந்த வார்த்தை இல்லாமல் படியிறங்கத் தெரியாது. “வாரேனுங்கம்மா” என்றுவிட்டேன். மாமன் தலையில் கை வைத்துக்கொண்டார். அறையில் இருந்த பெண்கள் மூச்சை இழுத்தார்கள்.

அந்த அம்மா மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“வா கண்ணு. அடுத்த வாரத்ததும் கொண்டா.”

இப்போதெல்லாம் புதுப் பகுதி வந்தால் நான் தனியாகக் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பல்லடம் போய் அவரோடு உட்கார்ந்துதான் கேட்கிறேன். அவர் இதுவரை ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. மகன் சிரித்திருப்பான் என்று தோன்றுகிற இடத்தில் மட்டும் என் முகத்தைப் பார்ப்பார். எத்தனையோ பேர் முகம் சுளித்த இந்தச் சிரிப்பு ஒரு தாய்க்குத் தேவைப்படுகிறதே என்ற நினைப்பில், எனக்கு வராவிட்டாலும் அந்த இடத்தில் தவறாமல் சிரித்துவிடுகிறேன்.