தயவுசெய்து உட்காருங்கள், நன்றி

பங்சாரில் நாங்கள் தயாரித்துக்கொண்டிருந்த வீடியோ கேமில் ஒரு லோரி ஓட்டுநர் கிள்ளானிலிருந்து பந்திங்குக்குச் சரக்கு ஏற்றிப் போவார். வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டால்தான் கடைக்காரர் அடுத்த சரக்கு எங்கே கிடைக்கும் என்று சொல்வார், கதை நகரும். தமிழ் வசனங்கள் முழுக்க என் பொறுப்பு.

மேலாளர் தமிழர்தான், ஆனால் வீட்டில் ஆங்கிலம். போன கேமில் பாத்திரங்கள் மரியாதையில்லாமல் பேசுகின்றன என்று யாரோ புகார் எழுதியதிலிருந்து அவருக்கு ஒரே பயம். எதைச் சொன்னாலும் முதலில் ‘தயவுசெய்து’, கடைசியில் ‘நன்றி’. இரண்டும் இல்லாத வசனத்தை எங்கள் மென்பொருள் தவறு என்று சிவப்பாக்கிவிடும். நான் எழுதிய உருப்படியான வரிகள் எல்லாம் சிவப்பு. இப்படி யாரும் பேசமாட்டார்கள் என்பதற்கான காரணங்களை வரிசை எண் போட்டு அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். “தயவுசெய்து இருந்தா என்ன குறைஞ்சிடும்?” என்றார். கீழே இருக்கும் கடையில் டீ வாங்கும்போது அவரே “பாஸ், தே தாரிக் ஒன்னு” என்றுதான் கேட்பார்.

விளையாடிப் பார்க்கச் சிலரை அழைத்திருந்தோம். முதலில் கிள்ளானிலிருந்து வந்த நிஜ லோரி ஓட்டுநர் ஒருவர் உட்கார்ந்தார். திரையில் கடைக்காரர், “தயவுசெய்து உட்காருங்கள். தயவுசெய்து உங்களுக்கு வேண்டியதைச் சொல்லுங்கள். நன்றி” என்றார்.

“என்னம்மா, இந்த ஆளுக்கு என் மேல கோவமா?”

“இல்ல அங்கிள், மரியாதையாத்தான் பேசுறாரு.”

“கடன் வச்சவன்கிட்ட பேசுற மாதிரி பேசுறான். பசிக்கலன்னு சொல்லிடு லா.” திரையில் லோரியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். கதை அங்கேயே நின்றது. அடுத்து வந்தவர்களும் அப்படியே, சாப்பிடாமல் கிளம்பினார்கள்.

மேலாளர் எடுத்த முடிவு வேறு: “தமிழ் ஆளுங்களுக்கு கேம் புரியல. தமிழைத் தூக்கிடலாம்.”

மாதக்கணக்கான என் வேலை. சாயந்திரம் வரை நேரம் கேட்டேன். கடைக்காரரின் வசனங்களை மட்டும் மாற்றினேன். திரை முழுக்கச் சிவப்பு. ஓட்டுநர் அங்கிளைத் திரும்ப உட்கார வைத்தேன்.

“வாங்கண்ணே! வெயில்ல வரீங்க, உட்காருங்க. சாப்பாடு போடவா?”

“போடுப்பா, மீன் இருக்கா?” என்று அங்கிள் திரையைப் பார்த்துக் கேட்டார். திரையில் ஓட்டுநரைக் கடையில் உட்கார வைத்தார். சாப்பாடு வந்தது. சரக்கும் கிடைத்தது.

மேலாளர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தமிழ் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். நான் மூச்சு விடுவதற்குள், “அப்போ ரூல் மாத்திடு. எல்லா வசனத்திலும் ‘அண்ணே’ கட்டாயம். இல்லாட்டி சிவப்பு.”

“கேமில் டீசல் திருடுறவன் ஒருத்தன் இருக்கானே, அவன் கத்தியைக் காட்டி மிரட்டுறப்பவுமா?”

அவர் உண்மையிலேயே யோசித்தார். “ஓட்டுநரா விளையாடுறது நம்ம கஸ்டமர்தானே? அவருக்கு மரியாதை குறையக் கூடாது.”

திருடனுக்கு விலக்கு கேட்டு இப்போது இன்னொரு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.