நிவியா வீட்டுக்கு இணையம் வந்த வாரம்

நிவியா துகார்த்தே ஒரு வேலையை முடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவாள். இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, தொலைக்காட்சி, கம்ப்யூட்டர், எதுவானாலும் சரி. பிடுங்கிய ஒயரைச் சுருட்டி அந்தச் சாமானின் தலையிலேயே வைத்துவிடுவாள். எஹிதோ என்ற அந்த மலையடிவார ஊரில் தெருக்காரர்கள் எல்லோருமே கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்குகிறவர்கள்தான். கரண்ட் போவதில் ஒன்றுமில்லை. திரும்பி வரும்போதுதான் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி முட்டிக்கொண்டு வந்து ஃபிரிஜ்ஜின் உயிரை எடுக்கும். நிவியாவோ கரண்ட் இருக்கும்போதே பிடுங்கிவிடுவாள்.

"உங்க வீட்டுச் சுவத்துல பிளக் பாயின்ட் எல்லாம் அழகுக்குத்தான் வச்சிருக்கு போல" என்பாள் பக்கத்து வீட்டு அல்சிரா. அல்சிராவுக்குக் கணவன் இல்லை. இரண்டு மகள்களும் ஸ்பெயினில். அவள் சிரித்தால் சர்ச் மைதானம் வரைக்கும் கேட்கும். நிவியா பதிலுக்குச் சிரித்தால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது.

அந்தக் குரலால்தான் நிவியாவுக்குச் சந்தை ஒத்துவரவில்லை. தங்கையோடு சேர்ந்து கேரட்டும் உருளைக்கிழங்கும் விற்றாள். அங்கே கூவ வேண்டும், முகத்தைப் பார்த்துப் பேரம் பேச வேண்டும். அவள் காய்களை அடுக்கிவிட்டு, யாராவது வந்து கேட்கட்டும் என்று நிற்பாள். கேட்க வந்தவர்களும் பக்கத்துக் கடையில் கூவுகிறவளிடம் போய்விடுவார்கள்.

அவளுக்கு நன்றாக வந்தது இரண்டு. ஒன்று, காதால் கேட்பது. மற்றது தட்டச்சு. படிப்பை ஆறாம் வகுப்போடு நிறுத்தியவள்தான். ஆனால் மகன் யோர்மன் பழைய பாகங்களை வாங்கி ஒரு கம்ப்யூட்டரை ஒட்டவைத்துக் கொடுத்தபோது, தெருவில் யார் இறந்தாலும் ஒன்பது நாள் ஜெபத்துக்கான தாள்களை அவள்தான் அடித்துக் கொடுத்தாள். அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டிருந்தான் யோர்மன். "மத்ததெல்லாம் இந்தக் கிழட்டு மெஷின்ல மூச்சு வாங்கும்மா, இது நடக்கும்" என்றான். பிறகு அவன் லிமாவுக்குப் போய் ஒரு ஓட்டலில் சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அதன்பிறகு கம்ப்யூட்டர் இணையம் இல்லாமலே கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்சிராவின் ஞானமகள் மைகுவாலிதா மெரிதாவிலிருந்து வந்தாள். அங்கே ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை. மலைமேல் குளிர்காட்டுக் கிராமங்களில் கிழவர்கள் பேசியதைப் பதிவு செய்து, எழுத்தில் ஏற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. காப்பி குடித்தபடி ஒரு பதிவைப் போட்டுக் காட்டினாள். காற்று இரைச்சல், கோழிச் சத்தம், பல் இல்லாத வாய். நிவியா கோப்பையைப் பார்த்தபடி, கிழவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள். அவளுடைய அப்பாவும் அந்த மலைக்காரர்தான்.

மைகுவாலிதா விட்டுவிடவில்லை. "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு பதிவை அடிச்சு அனுப்புங்க. இன்னும் ரெண்டு பேர் அடிக்கிறாங்க. யாரோடது நல்லா இருக்கோ அவங்களுக்குத் தொடர்ந்து வேலை. ஆனா ஒண்ணு, அது எங்க தளத்துலதான் கேட்கணும், அங்கேயேதான் அடிக்கணும். போன்ல வராது, கம்ப்யூட்டர் வேணும்."

யாரும் முகத்தைப் பார்க்காத வேலை. அன்று இரவு நிவியா தூங்க நேரமாயிற்று.

திங்கட்கிழமை அவள் கணவன் ஓராங்கல் கூரைமேல் ஏறினார். மலை ஊர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர் அவர். அல்சிராவின் கூரையில் ஆன்டெனா வைத்து ஒருவர் தெருவுக்கே இணையம் கொடுத்திருந்தார். அல்சிரா தன் ரவுட்டரில் கேபிள் சொருகும் ஓட்டை ஒன்று காலியாக இருப்பதாகச் சொன்னாள். அங்கிருந்து கேபிளை இழுத்து, இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள கொய்யா மரத்தில் கட்டி, ஜன்னல் வழியாக உள்ளே இறக்கினார் ஓராங்கல்.

"சந்தையில வெங்காயம்னு கூவ வெக்கம். இப்ப உலகத்துக்கே ஒயர் இழுக்கச் சொல்றீங்க" என்றார் கூரையிலிருந்து.

"நீங்க விழாம இறங்குங்க" என்றாள் நிவியா.

கேபிளைக் கம்ப்யூட்டரில் சொருகினாள். ஒன்றும் நடக்கவில்லை. அதே கேபிளின் முனையை அல்சிரா வீட்டுக்கே கொண்டுபோய் அவள் தொலைக்காட்சியில் சொருகினால் ரவுட்டரில் பச்சை விளக்கு கண் சிமிட்டியது. நிவியாவின் கம்ப்யூட்டரில் சொருகினால் விளக்கு செத்துக் கிடப்பதாக அல்சிரா அங்கிருந்து சொன்னாள். இரண்டு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தாள். கேபிளில் குற்றமில்லை, கம்ப்யூட்டரின் ஓட்டையில்தான் குற்றம்.

அப்புறம்தான் அவளுக்கு நினைவு வந்தது. டெலிபோன் கம்பி தெருவில் இருந்த காலத்தில், யோர்மன் அதன் வழியாக இணையம் வாங்கியிருந்தான். ஓர் இடிமழையன்று அவள் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டாள். அந்த மெல்லிய இணையக் கம்பியை மட்டும் பிடுங்கவில்லை. அதில் கரண்ட் ஓடாது என்று நினைத்திருந்தாள். இடி அந்த வழியாக வந்து போயிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஓராங்கல் பஸ் நிலையத்துப் பக்கம் பழுது பார்க்கிறவனிடமிருந்து விரல் நீளத்தில், கம்ப்யூட்டரில் சொருகினால் வைஃபையைப் பிடிக்கும் ஒரு குச்சி வாங்கி வந்தார். "லினக்ஸுன்னா நான் தொடமாட்டேன்னுட்டான். எல்லாத்தையும் அழிச்சுட்டு வேற போட்டுத் தரேங்கிறான்."

"அழிக்க வேணாம்."

"அப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"பார்க்கிறேன்."

குச்சியைச் சொருகினாள். விளக்கு எரியவில்லை. யோர்மன் முன்பு செய்வதைப் பின்னால் நின்று பார்த்திருந்ததால், கறுப்புத் திரையைத் திறந்து, சொருகியிருப்பவற்றின் பெயர்களைக் கேட்கும் கட்டளையைத் தந்தாள். குச்சியின் பெயர் வந்தது. ஆக, கம்ப்யூட்டருக்கு அதைத் தெரிகிறது, ஓட்டத்தான் தெரியவில்லை. ஓட்டுவதற்கான மென்பொருளை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். இணையம் வர அந்தக் குச்சி வேண்டும்.

"கதவுக்குச் சாவி வீட்டுக்குள்ள இருக்குங்கிறீங்க" என்றாள் விஷயத்தைக் கேட்ட அல்சிரா, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

நிவியா தன் போனை எடுத்தாள். சமையலறைச் சுவரோரம் அதில் அல்சிராவின் வைஃபை கிடைக்கும். சார்ஜ் போடும் ஒயரால் போனைக் கம்ப்யூட்டரோடு கோர்த்து, போனின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒயர் வழியாக இணையத்தைப் பகிர் என்று ஓர் இடம் இருந்தது. அதை அழுத்தியதும் கம்ப்யூட்டரின் மூலையில் இணைந்துவிட்டது என்று வந்தது. மேசையைச் சமையலறைக்கே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. ஆய்வு நிலையத்தின் தளம், செய்தித்தாள், எதைக் கேட்டாலும் ஒரே பதில்: இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல. புதன்கிழமை காலையிலும் அதேதான். அவள் அல்சிரா வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, உங்க வைஃபை பாதுகாப்பில்லைன்னு சொல்லுது."

"யாரு சொல்றது?"

"என் கம்ப்யூட்டர்."

அல்சிரா கரண்டியைக் கீழே வைத்தாள். "என் மகளுங்ககூடத் தினமும் பேசுறேன். ஃபாதர் ஜெபம் சொல்றதை அதுலதான் கேட்கிறேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. உங்க வீட்டு டப்பா வந்து என் வீட்டைக் குறை சொல்லுது. ஒண்டவந்த கோழி வீட்டுக்கோழியைக் கொத்துற மாதிரி."

"நான் அப்படிச் சொல்லலக்கா."

"சொல்லாதீங்க. எழுதிக் காமிக்குதுல்ல, போதும்."

நிவியா திரும்பி வந்தாள். அழுகை வரும்போல இருந்தது. அழவில்லை. கறுப்புத் திரையில் மென்பொருளை இறக்கும் கட்டளையைத் தந்தாள். அங்கேயும் மறுப்புதான். ஆனால் இது வேறு வாசகமாக இருந்தது. அவள் விரல் வைத்து நிதானமாகப் படித்தாள். இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, செல்லுபடியாக இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் நாள் இருக்கிறது.

காலாவதியாகிவிட்டது என்றால் புரியும். மருந்துக்கும் பாலுக்கும் உள்ளதுதான். இன்னும் பிறக்கவே இல்லை என்றால் என்ன அர்த்தம்? அவள் திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ஜனவரி ஒன்று, 2008.

ஜெபத்தாள் அடிக்கிறவளுக்கு மூலையில் உள்ள தேதியால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. இத்தனை நாளும் அதை அவள் பார்த்ததே இல்லை. பத்து வருஷம் பின்னால் நின்றுகொண்டு, தளங்கள் காட்டுகிற, இன்றைக்கு எழுதிய அடையாளச் சான்றிதழ்களையெல்லாம் பார்த்து, இவை இன்னும் எழுதப்படவே இல்லை என்று கதவை அடைத்துக்கொண்டிருக்கிறது இது. அல்சிராவின் வைஃபைமேல் எந்தப் பழியும் இல்லை.

யோர்மன் விட்டுப்போன கடவுச்சொல்லைப் போட்டு, தேதியையும் நேரத்தையும் கையாலேயே திருத்தினாள். கட்டளையை மறுபடி தந்தாள். வரிகள் ஓடின, குச்சிக்கான மென்பொருளோடு விட்டுப்போன புதுப்பிப்புகளும் சேர்ந்து இறங்கின. குச்சியில் நீல விளக்கு எரிந்தது. போன் ஒயரைப் பிடுங்கியும் பக்கங்கள் திறந்தன.

சீஸ் பொதிந்து பொரித்த பஸ்தெலித்தோக்களை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். "உங்க வைஃபை மேல தப்பு இல்லக்கா. என் கம்ப்யூட்டருக்கு வருஷம் தெரியல."

"எனக்கும்தான் என் வயசு தெரியல. அதுக்காக ஊரைத் திட்டுறேனா" என்று அல்சிரா ஒன்றை எடுத்துக் கடித்தாள். "உப்புக் கம்மி. உட்காருங்க."

வியாழன் முழுவதும் நிவியா கேட்டாள், அடித்தாள். விதைக்கிழங்கைப் பற்றி ஒரு கிழவர் பேசிய நீண்ட பதிவு. பாதிக்குமேல் முடிந்தது. இருட்டியதும் கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடியும் 2008. தளம் திறக்கவில்லை. அவள் அந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, யோர்மனுக்குப் போன் செய்தாள்.

"கம்ப்யூட்டர்ல எல்லாம் புதுசா இறக்கியும், பிளக்கைப் பிடுங்கினா நேரத்தை மறந்துடுது கண்ணு."

"உள்ள காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும்மா. கரண்ட் இல்லாதப்ப அதுதான் கடிகாரத்தை ஓட்டும். செத்திருக்கும். நீங்க பிடுங்கிப் பிடுங்கியே அதைக் கொன்னிருப்பீங்க." பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"இணையம் வந்தா நேரம் தானா சரியாகாதா? போன்ல ஆகுதே."

"ஆகும். நான்தான் அதை அணைச்சு வச்சேன். நாட்டோட நேரத்தையே அரை மணி மாத்துனாங்க, அப்புறம் திரும்பவும் பழையபடி மாத்துனாங்க, ஞாபகம் இருக்கா? கம்ப்யூட்டருக்கு அந்தச் செய்தி வரல. தானா சரி பண்ணிக்கோன்னு விட்டா அரை மணி பின்னாடியே ஓடுச்சு. சலிச்சுப்போய் அணைச்சுட்டு, கையால வச்சுட்டேன்."

"என்கிட்ட சொல்லல."

"அரை மணி நேரத்தைப் போய் என்னன்னும்மா சொல்றது? இப்ப புதுசா இறக்கினீங்கல்ல, அதோட கராகஸ் நேரமும் சரியா வந்திருக்கும். தைரியமா போடுங்க. முதலாளி கூப்பிடுறார்."

தேதியைக் கையால் திருத்திவிட்டு, நேரத்தைத் தானே சரிசெய்துகொள் என்ற கட்டத்தில் டிக் போட்டாள். கராகஸைத் தேர்ந்தெடுத்தாள். அதை நம்பி விட்டுவிடவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினாள். காப்பி போட்டுக் குடித்தாள். மறுபடி சொருகினாள். 2008 என்று எழுந்தது. நீல விளக்கு எரிந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருக்கையில் கடிகாரம் பத்து வருஷத்தை ஒரே தாவாகத் தாவி இன்றைக்கு வந்து நின்றது. சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டாள். அரை மணி வித்தியாசமும் இல்லை.

மத்தியானம் கரண்ட் போனது. அடித்தவரை தளத்தில் இருக்கிறது என்பது தெரியும். கடைசிக் கொஞ்சம்தான் பாக்கி. வெயில் சாயத் தொடங்கியபோது கரண்ட் வந்தது. நிவியாவின் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது, வைஃபை வரவில்லை. அல்சிரா ரவுட்டரை இன்னும் சொருகவில்லை. கரண்ட் வந்து அரைமணி கழித்துத்தான் எதையும் சொருகுவாள். ஃபிரிஜ்ஜைப் பறிகொடுத்தவள்.

நிவியா அவள் வீட்டுக்குப் போய், ரவுட்டர் பக்கத்தில் நின்றாள்.

"கரண்ட் பாதுகாப்புப் பெட்டியில பச்சை விளக்கு வரட்டும்" என்றாள் அல்சிரா.

நிவியா நகரவில்லை. நின்றாள்.

"மறுபடி போயிட்டு வந்தா என் ரவுட்டர் கருகிடும். உங்களுக்குத் தெரியாததா? ஊர்லயே அதிகமா பிளக்கைப் பிடுங்குறவங்க நீங்கதான்."

நிவியா நின்றாள்.

"இப்படி வாயைத் திறக்காம நிக்காதீங்க. சாமி சிலை மாதிரி இருக்கு, பயமா இருக்கு."

"இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான்க்கா."

அல்சிரா சிலுவை போட்டுக்கொண்டு சொருகினாள். ரவுட்டர் கருகவில்லை. நிவியா தன் வீட்டுக்கு ஓடினாள். கடிகாரம் தாவியது, தளம் திறந்தது. கிழவர் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை இரண்டு முறை கேட்டு அடித்துவிட்டு, அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

இப்போது நிவியா அந்த ஆய்வு நிலையத்துக்காக வாரம் நான்கு நாள் காலையில் பதிவுகளை எழுதுகிறாள். மற்ற இருவரில் ஒருவருக்கும் வேலை கிடைத்தது. அவர் எழுதியதைச் சரிபார்ப்பதும் இவள்தான். கேபிள் ஓட்டையைப் பழுது பார்க்கவில்லை, வைஃபையே போதுமானதாக இருக்கிறது. கனத்த மழை பெய்தால் மட்டும் பதிவு விட்டுவிட்டு வருகிறது. அப்போது அவள் மழை விடும்வரை காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அடிக்கிறாள்.